தொட்டியில் பூத்து முடிந்த வசந்தக் கிழங்குகளைத் தோட்டப் பாத்திக்கு மாற்றுவது எப்படி? இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிப்ரவரி கடைசியில் இங்கே எந்த சூப்பர்மார்க்கெட் வாசலுக்குப் போனாலும் மஞ்சள் டாஃபடில் தொட்டிகள் வரிசையாக நிற்கும். நாலு மணிக்கே இருட்டிவிடும் மாலைகளைக் கடந்து வந்தவர்களுக்கு அதைப் பார்த்ததும் ஒன்றாவது வாங்காமல் வர முடியாது. ஜன்னலோரம் இரண்டு வாரம் பூத்து நிற்கும், பிறகு தலை சாயும். பெரும்பாலான வீடுகளில் அதற்கடுத்து அது போகிற இடம் குப்பைத் தொட்டிதான்.

இங்கே வந்த முதல் வருஷம் நானும் அப்படித்தான் போட்டேன். இரண்டாம் வருஷம் மனசு கேட்கவில்லை. பூ போனதும் இலைகளை ஒட்ட நறுக்கிவிட்டு, வேலியோரம் மண்ணை லேசாகக் கீறி, முப்பது கிழங்குகளைப் புதைத்தேன். அடுத்த வசந்தத்தில் வந்தது நாலே நாலு பூ. மற்றதெல்லாம் வெறும் இலை, அதுவும் புல் மாதிரி மெலிந்து. எங்கே தப்பு என்று புரிந்துகொள்ள எனக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆனது. லண்டனின் ஹாரோ பகுதியில் எங்கள் வீட்டு வேலியோரம் இப்போது பிப்ரவரி முதல் மே வரை ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருக்கிறது. எல்லாமே ஒருகாலத்தில் தொட்டியில் வாங்கியவை. நான் இழந்த வருஷங்களை நீங்களும் இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இங்கே ‘பல்ப்’ என்று சொல்வதைத்தான் நான் கிழங்கு என்று எழுதுகிறேன். பெரும்பாலும் வெங்காயம் போல அடுக்கடுக்காக இருக்கும். ‘பார்டர்’ என்பது வேலியோரமாகவோ சுவரோரமாகவோ ஓடும் நீளப் பாத்தி.

1. உங்கள் தொட்டியில் இருப்பது என்ன என்று முதலில் பாருங்கள்

எல்லாக் கிழங்கும் இந்தக் குளிரில் வெளியே பிழைக்காது. தொட்டியில் செருகியிருக்கும் சின்ன அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் செடியின் பெயர் இருக்கும், பின்னால் எல்லா முடிவுக்கும் அந்தப் பெயர்தான் ஆதாரம். அட்டையைக் கையோடு போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

தைரியமாகப் பாத்திக்கு மாற்றலாம் என்பவை: டாஃபடில், குரோக்கஸ், ஸ்னோடிராப், மஸ்காரி (திராட்சைக் கொத்து மாதிரி நீலப் பூ), ஹயசிந்த். டாஃபடிலில் சூப்பர்மார்க்கெட்டில் அதிகம் விற்பது ‘டெட்-அ-டெட்’ என்ற குட்டை ரகம். ஒரு சாண் உயரம்தான் வளரும், ஒரே தண்டில் இரண்டு மூன்று பூ விடும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதைவிட நம்பகமான செடி எனக்குத் தெரியாது.

டியூலிப் கொஞ்சம் வேறு. கடையில் கிடைக்கும் பகட்டான ரகங்கள் பல, முதல் வருஷம் பூத்துவிட்டு அடுத்த வருஷம் இலையோடு நின்றுவிடும். உங்கள் பராமரிப்பில் குறை ஒன்றும் இல்லை, அவற்றின் சுபாவமே அதுதான். ‘அபெல்டோர்ன்’ போன்ற டார்வின் கலப்பினங்களும், ‘டார்டா’ போன்ற குட்டையான இயற்கை இனங்களும் மட்டும் பல வருஷம் திரும்ப வரக்கூடியவை.

மாற்றக் கூடாதவை இரண்டு. கிறிஸ்துமஸ் சமயத்தில் விற்கும் ‘பேப்பர்வைட்’ என்ற வெள்ளை நார்சிசஸ், பெரும்பாலான இடங்களில் இந்தக் குளிரைத் தாங்காது. தேங்காய் அளவுக் கிழங்கோடு வரும் அமரில்லிஸும் வெளியே வைத்தால் உறைபனியில் அழுகிவிடும். அதை வீட்டுக்குள்ளேயே தொட்டியில் வைத்து வளர்த்தால் வருஷா வருஷம் பூக்கும்.

2. வாடகை வீடா? மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள்

இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வாடகை ஒப்பந்தத்தில் தோட்டம் பற்றி வழக்கமாக ஒரு பத்தி இருக்கும். புல்லை வெட்டிச் சுத்தமாக வைத்திருப்பது உங்கள் பொறுப்பு என்றும், தோட்டத்தின் அமைப்பை மாற்றக் கூடாது என்றும் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். இருக்கிற பாத்தியில் நாலு கிழங்கு வைப்பதை யாரும் மறுப்பது அரிது. ஆனால் புல்தரையை வெட்டிப் புதிதாகப் பாத்தி போடுவது வேறு விஷயம். அப்படிச் செய்த தெரிந்தவர் ஒருவருக்கு, வீட்டைக் காலி செய்யும்போது புல்தரையைச் சரிசெய்யும் செலவு என்று முன்பணத்தில் ஒரு தொகை பிடித்துக்கொண்டார்கள்.

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள்.

வீட்டு உரிமையாளருக்கோ ஏஜெண்டுக்கோ இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்: “பின்பக்க வேலியோரம் இருக்கும் பாத்தியில் டாஃபடில் கிழங்குகள் நட விரும்புகிறேன், ஆட்சேபணை உண்டா?” பதில் எழுத்தில் இருக்கட்டும். போனில் சொன்னது பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

குடிவந்தபோது கொடுத்த பொருள் பட்டியலில் தோட்டத்தின் படம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தோண்டும் முன் நீங்களே தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

மூன்றாவது, வீடு மாறும்போது கிழங்குகளை எடுத்துப் போகும் எண்ணம் இருந்தால் அதையும் அந்த மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள். மண்ணில் ஊன்றிய செடி பொதுவாக நிலத்தோடு சேர்ந்ததாகவே கருதப்படும். ஒரு வருஷத்துக்குள் வீடு மாறுவீர்கள் என்றால், பாத்திக்கே போகாமல் பெரிய தொட்டி ஒன்றுக்கு மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

காகித விவகாரம் பேசும்போதே இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போய் ஆம்ஸ்டர்டாமில் கிழங்கு வாங்கி வர ஆசைப்படுவீர்கள். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு அதற்குத் தாவர நலச் சான்றிதழ் தேவைப்படுகிறது. அந்தச் சான்றிதழோடு விற்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள், கிளம்பும் முன் அரசு இணையதளத்தில் அப்போதைய விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, காட்டிலும் சாலையோரத்திலும் பூத்திருக்கும் செடியைத் தோண்டி எடுக்காதீர்கள். 1981-ஆம் வருஷச் சட்டப்படி, நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது குற்றம். நீல மணிப் பூக்களான புளூபெல் விரிந்து கிடக்கும் காட்டைப் பார்த்து மயங்குவது எல்லோருக்கும் நடக்கும். படம் மட்டும் எடுங்கள்.

3. எப்போது மாற்றுவது: இரண்டு வழி உண்டு

முதல் வழி, பூ முடிந்ததும் இலை பச்சையாக இருக்கும்போதே மொத்தக் கட்டியாகப் பாத்திக்கு மாற்றுவது. இரண்டாவது, இலை தானாகக் காயும் வரை தொட்டியிலேயே விட்டு, கிழங்கை எடுத்து உலர்த்தி வைத்து, இலையுதிர் காலத்தில் நடுவது.

ஸ்னோடிராப்புக்கு முதல் வழிதான். அதன் கிழங்கு சின்னது, காய்ந்தால் எளிதில் செத்துவிடும். டாஃபடிலையும் மஸ்காரியையும் குரோக்கஸையும் எந்த வழியிலும் மாற்றலாம். நான் இப்போது முதல் வழியையே பின்பற்றுகிறேன், எடுத்து வைத்து மறந்துபோகும் தொல்லை இல்லை. டியூலிப்புக்கு இரண்டாவது வழி. ஹயசிந்த் இரண்டையும் தாங்கும்.

தோராயமாக நாள்காட்டி இப்படி இருக்கும். ஸ்னோடிராப் பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் நடுவுக்குள். குரோக்கஸ் மார்ச்சில். டாஃபடிலும் ஹயசிந்தும் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முழுக்க. டியூலிப் ஜூன் கடைசியில் எடுத்து, நவம்பரில் நடுவது. மற்றக் கிழங்குகளை எடுத்து வைத்திருந்தால் செப்டம்பருக்குள் நட்டுவிட வேண்டும். டியூலிப்பை மட்டும் ஏன் நவம்பர் வரை தள்ளிப்போட வேண்டும் என்றால், குளிர் இறங்கிய மண்ணில் ‘டியூலிப் ஃபயர்’ என்ற பூஞ்சை நோய் தொற்றுவது குறையும்.

ஸ்காட்லாந்திலோ வட இங்கிலாந்திலோ இருந்தால் வசந்தகால மாதங்களை இரண்டு மூன்று வாரம் தள்ளிப் படியுங்கள்.

4. பூவைக் கிள்ளுங்கள், இலையை விடுங்கள்

இந்த முழுக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

அடுத்த வருஷப் பூ, இந்த வருஷ இலையில்தான் உருவாகிறது. பூ வாடிய பிறகு அந்தப் பச்சை இலைகள் வெயிலை வாங்கி மாவுச்சத்தாக்கிக் கிழங்குக்கு அனுப்புகின்றன. கிழங்குக்குள் அடுத்த வருஷ மொட்டு கோடையிலேயே கருக்கட்டிவிடும். இலையை வெட்டினால் கிழங்கு பட்டினி. என் முப்பதில் இருபத்தாறு பூக்காமல் போனதற்கு முதல் காரணம் நான் கையில் எடுத்த கத்தரிக்கோல்தான்.

பூ வாடியதும், பூவையும் அதன் அடியில் புடைத்திருக்கும் பச்சை விதைப்பையையும் சேர்த்துக் கிள்ளிவிடுங்கள். விதை செய்வதில் கிழங்கின் சக்தி போய்விடக் கூடாது. பச்சைத் தண்டு இருக்கட்டும், அதுவும் இலையின் வேலையைச் செய்யும்.

பூ முடிந்து குறைந்தது ஆறு வாரம் இலையைத் தொடாதீர்கள். டாஃபடில் இலைகள் சரிந்து கிடப்பது பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் ஜடை பின்னுவது போல முடிச்சுப் போட்டு வைத்திருப்பார்கள். ரப்பர் பேண்டு போடுபவர்களும் உண்டு. பார்த்துச் செய்துவிடாதீர்கள். மடித்துக் கட்டிய இலைக்கு வெளிச்சம் போகாது. மஞ்சளாகி, இழுத்தால் எதிர்ப்பில்லாமல் கையோடு வரும்போது எடுத்தால் போதும்.

5. வீட்டுக்குள் வளர்ந்ததை வெளியே பழக்குங்கள்

ஹீட்டர் சூட்டில் வளர்ந்த இலை மென்மையாக இருக்கும். நேரே ஏப்ரல் பனியில் கொண்டுபோய் நட்டால் ஒரே இரவில் துவண்டுவிடும். முதல் மூன்று நாலு நாள் பகலில் மட்டும் வெளியே, காற்று அடிக்காத சுவரோரம். பிறகு இரவிலும் விடுங்கள். உறைபனி எச்சரிக்கை இருந்தால் உள்ளே எடுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் தயாராகிவிடும். கடை வாசலில் வெளியே நின்ற தொட்டி என்றால் இது தேவையில்லை.

6. இடமும் மண்ணும்

நாளில் பாதி நேரமாவது வெயில் விழும் இடம் வேண்டும். இலையுதிர்க்கும் மரத்தடி நல்ல இடம், ஏனென்றால் மரம் இலை விடுவதற்குள் கிழங்குகள் தங்கள் வேலையை முடித்துவிடும். எப்போதும் பச்சையாக நிற்கும் லெய்லண்டி வேலிக்குக் கீழே வேண்டாம், அங்கே மண் காய்ந்தும் இருண்டும் கிடக்கும்.

லண்டனின் பெரும்பகுதி களிமண். குளிர்காலத்தில் சேறு, கோடையில் செங்கல். கிழங்குகள் குளிரை அஞ்சுவதில்லை, தேங்கிய தண்ணீரில்தான் அழுகுகின்றன. ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு சாண் ஆழக் குழி தோண்டி, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் வற்றினால் கவலை இல்லை. காலையில் ஊற்றியது சாயங்காலமும் நின்றால், மண்வெட்டியின் முழு ஆழத்துக்குக் கொத்திவிட்டு கம்போஸ்டும் பருமணலும் கலக்க வேண்டும். தோட்டக்கடையில் ‘ஹார்ட்டிகல்ச்சுரல் கிரிட்’ என்று கேளுங்கள். கட்டட மணலைப் போடாதீர்கள். அந்தப் பொடிமணல் களிமண்ணோடு சேர்ந்து இன்னும் இறுகும்.

இடம் தேர்வு செய்யும்போது இன்னொன்றையும் யோசியுங்கள்: மே, ஜூனில் அந்த இலைகள் மஞ்சளாகிக் கிடக்கும்போது எது மறைக்கும்? ஹோஸ்டா, டேலில்லி, பாத்திகளில் பரவும் ஜெரேனியம் போன்றவை சரியாக அந்த நேரத்தில்தான் இலை விரிக்கும். அவற்றின் நடுவே நட்டால், பழுக்கும் இலை கண்ணிலேயே படாது, வெட்டவும் தோன்றாது.

7. தொட்டியிலிருந்து எடுப்பதும் நடுவதும்

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஹயசிந்த் கிழங்கின் தோலில் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. வெறுங்கையால் பத்து கிழங்கைத் தொட்டுவிட்டுக் கழுத்தைச் சொறிந்தால் அன்று முழுக்க அரிக்கும். சேனைக்கிழங்கு நறுக்கியவர்களுக்கு இந்த அரிப்பு தெரிந்ததுதான், காரணமும் அதே வகைப் படிகம். டாஃபடில் பாலும் சிலருக்குத் தடிப்பைக் கொடுக்கும்.

முந்தைய நாள் தொட்டிக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மறுநாள் தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டினால் கட்டியாக வெளியே வரும். முதல்முறை அப்படி எடுத்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். மண் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. இடியாப்பம் பிழிந்து வைத்தது போல வெள்ளை வேர் சுற்றிச் சுற்றி, தொட்டியின் வடிவத்திலேயே நின்றது. அதற்கு மேலே கிழங்குகள் தோளோடு தோள் ஒட்டி, பாதி உடம்பு மண்ணுக்கு வெளியே தெரிய உட்கார்ந்திருந்தன. கடைக்காரருக்கு ஒரு முறை பூத்தால் போதும், அதனால் அப்படி நெருக்கி மேலாக வைக்கிறார்கள். அதே மட்டத்தில் பாத்தியிலும் நட்டதுதான் நான் செய்த இரண்டாவது தவறு. மேலாக நட்ட டாஃபடில் சீக்கிரமே சின்னச் சின்னக் குட்டிகளாகப் பிரிந்து, பூக்காமல் இலையாகவே நின்றுவிடும்.

ஆழக் கணக்கு எளிது. கிழங்கின் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம். டெட்-அ-டெட்டுக்கும் மஸ்காரிக்கும் குரோக்கஸுக்கும் சுமார் 10 செ.மீ., பெரிய டாஃபடிலுக்கு 15 செ.மீ., டியூலிப்புக்கு 15 முதல் 20 செ.மீ. வரை. ஹயசிந்த்துக்கு 10 முதல் 15. இடைவெளி, கிழங்கின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு.

இலையோடு மாற்றும்போது வேரைப் பிரித்து உதறாதீர்கள். கட்டியை அப்படியே வையுங்கள், பெரிய தொட்டி என்றால் கையால் மெதுவாக இரண்டு மூன்றாகப் பிளக்கலாம். வேர் அறுந்தால் டாஃபடில் அந்த வருஷம் புது வேர் விடாது. குழியை ஆழமாகத் தோண்டி, கிழங்கின் தலைக்கு மேல் நாலு விரல் மண் வரும்படி இறக்குங்கள். இலையின் அடிப்பகுதி கொஞ்சம் புதைவதால் ஒன்றும் ஆகாது. ஸ்னோடிராப்புக்கு மட்டும், இலையின் அடியில் வெளுப்பு முடிந்து பச்சை தொடங்கும் கோடு மண் மட்டத்துக்கு வரட்டும்.

உள்ளங்கையால் சுற்றி அழுத்தி, வாளியால் நிதானமாகத் தண்ணீர் விடுங்கள்.

நட்ட இடத்தில் ஒரு குச்சியும் பெயர்ப்பலகையும் கட்டாயம். ஜூலையில் மேலே ஒரு அடையாளமும் இருக்காது. வெந்தயக்கீரை விதைக்கலாம் என்று நான் மண்வெட்டியை இறக்கியதில் அருமையான ஆறு ஹயசிந்த்கள் இரண்டாகப் பிளந்துபோயின.

8. நட்ட பிறகு ஆறு வாரம்

ஏப்ரல், மே மாதங்களில் பத்து நாள் மழை இல்லாமல் போவது இங்கேயும் நடக்கும். இலை பச்சையாக இருக்கும்வரை மண் காயக் கூடாது. பத்து நாளுக்கு ஒரு முறை தக்காளிச் செடிக்கு விற்கும் திரவ உரத்தைப் போத்தலில் போட்டிருக்கும் அளவில் கலந்து ஊற்றுங்கள். அதில் பொட்டாசியம் அதிகம், கிழங்குக்கு அதுதான் தேவை. புல்தரைக்கான உரத்தைப் போடாதீர்கள். அதில் இருக்கும் நைட்ரஜன் இலையை மட்டுமே கொழுக்க வைக்கும்.

இலை காய்ந்து விழுந்ததும் தண்ணீரையும் உரத்தையும் நிறுத்திவிடுங்கள். இலை இருந்த இடத்தில் மண்ணில் ஒரு சின்ன ஓட்டை தெரியும். அதைக் கையால் மூடி அழுத்திவிடுங்கள். கோடைத் தொடக்கத்தில் ஒரு வகை ஈ அந்த ஓட்டை வழியாகத்தான் கிழங்கருகே முட்டையிடும், புழு உள்ளே போய்க் கிழங்கைத் தின்றுவிடும்.

9. எடுத்து வைப்பவர்களுக்கு: வெங்காயத்தோடு வைக்காதீர்கள்

டியூலிப்பை இலை காய்ந்ததும் எடுத்து, மண்ணைத் தட்டி, நிழலில் உலர்த்தி, மெத்தென்று அமுங்குவதையும் பூஞ்சை பிடித்ததையும் எறிந்துவிட்டு, வலைப்பையிலோ காகிதப் பையிலோ காற்றோட்டமான ஷெட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், வியர்த்து அழுகும்.

இப்போது சொல்லப்போவது தோட்டத்தைவிட முக்கியம். ஊரிலிருந்து அம்மா வந்திருந்த ஆகஸ்டில், கராஜில் ஆணியில் மாட்டியிருந்த வலைப்பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். “சின்ன வெங்காயம் இவ்வளவு வச்சுக்கிட்டு ஏன்டா கடையில வாங்கினே?” என்று கேட்டார். ஒன்றை உரித்தும் விட்டார். அது டெட்-அ-டெட். கைகால் எல்லாம் நடுங்கிவிட்டது எனக்கு. காய்ந்த தோல், நிறம், அளவு எல்லாமே சாம்பாருக்கு வாங்கும் சின்ன வெங்காயத்தைப் போலவே இருக்கும், வெங்காய வாசனை மட்டும் வராது.

டாஃபடிலின் எல்லாப் பாகமும் நஞ்சு, கிழங்கில் அதிகம். தின்றால் வாந்தியும் வயிற்றுவலியும் வரும். வேகவைத்தால் சரியாகிவிடும் என்று நம்பக் கூடாது. பூக்காத தண்டையும் இலையையும் வெங்காயத்தாள் வகை என்று நினைத்துச் சமைத்தவர்களும் உண்டு. அதனாலேயே 2015-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, டாஃபடிலைக் காய்கறிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று சூப்பர்மார்க்கெட்டுகளுக்குக் கடிதம் எழுதியது. பெரிய வெங்காயமும் சின்ன வெங்காயமும் மூட்டையாக வாங்கும் நம் வீடுகளில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். பையின் மேல் தமிழிலேயே ‘விஷம், பூக்கிழங்கு’ என்று பெரிதாக எழுதி, சமையலறையிலிருந்து தூரமாக, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். யாராவது தின்றுவிட்டால் உடனே 111 என்ற மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள், மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் அவசர எண் 999. கிழங்கையோ அட்டையையோ கையில் வைத்திருந்தால் என்ன தின்றார்கள் என்று சொல்ல உதவும். நாய் வளர்ப்பவர்கள், தோண்டித் தின்னும் பழக்கம் இருந்தால், நட்ட இடத்தை வலையால் மூடுங்கள்.

10. செலவு எவ்வளவு ஆகும்

பூவோடு இருக்கும் சின்னத் தொட்டி இரண்டு மூன்று பவுண்டு. ஆனால் பூ வாடத் தொடங்கியதும் அதே தொட்டியை மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி ஒரு பவுண்டுக்கும் கீழே விற்பார்கள். இங்கே வழக்கமாக மார்ச்சில் வரும் அன்னையர் தினம் முடிந்த மறுநாளும், ஈஸ்டர் முடிந்த வாரமும் போய்ப் பாருங்கள். நமக்கு வேண்டியது பூ இல்லை, கிழங்கும் பச்சை இலையும்தான். நான் கடைசியாக வாங்கிய பன்னிரண்டு தொட்டிக்கு ஏழு பவுண்டுதான் ஆனது. இலை மஞ்சளாகிவிட்டதையும், தொட்டால் கிழங்கு மெத்தென்று அமுங்குவதையும் மட்டும் விட்டுவிடுங்கள்.

கை மண்கரண்டி ஐந்து முதல் பத்து பவுண்டு, தக்காளி உரம் நாலைந்து, கம்போஸ்ட் மூட்டை ஏழெட்டு, கிரிட் மூட்டையும் ஏறக்குறைய அதே. முதல் வருஷம் நாற்பது பவுண்டுக்குள் முடித்துவிடலாம். அடுத்த வருஷத்திலிருந்து உரம் மட்டும்தான். காய்ந்த இலையைப் போட கவுன்சிலின் பழுப்புத் தொட்டிக்குப் பல ஊர்களில் வருஷச் சந்தா உண்டு. இதற்காக மட்டும் அதை வாங்க வேண்டாம், தோட்ட மூலையில் குவித்தாலே மக்கிவிடும்.

11. வழக்கமாக வரும் தொல்லைகள்

அணில்தான் முதல் எதிரி. இங்கே இருக்கும் சாம்பல் அணில் பூனைக்குட்டி அளவு. டியூலிப்பும் குரோக்கஸும் அதற்கு விருந்து. நட்ட இடத்தின் மேல் கோழிவலையை விரித்து, ஓரங்களில் கல் வைத்துவிடுங்கள். இலை வலையின் கண் வழியே மேலே வரும். டாஃபடிலை அது தொடாது.

டியூலிப் இலை சுருண்டு, முறுக்கி, பழுப்புப் புள்ளியோடு தீய்ந்தது போல வந்தால், அதுதான் மேலே சொன்ன டியூலிப் ஃபயர். கிழங்கோடு தோண்டி வீட்டுக் குப்பையில் போடுங்கள், கம்போஸ்ட் குவியலில் போடாதீர்கள். அந்த இடத்தில் மூன்று வருஷத்துக்கு டியூலிப் வேண்டாம்.

முதல் வசந்தத்தில் பூ வரவில்லை என்று தோண்டி எறியாதீர்கள். தொட்டியில் செயற்கையாக முன்கூட்டிப் பூக்க வைக்கப்பட்ட கிழங்கு களைத்துப்போய் வருகிறது. ஒரு வருஷம் இலை மட்டும் விட்டு உடம்பைத் தேற்றிக்கொள்ளும். அந்த வருஷமும் ஆறு வார விதியும் தக்காளி உரமும் உண்டு. ஹயசிந்த் முதலில் பூத்த அளவுக்கு அடர்த்தியாக இனிப் பூக்காது. தளர்வாக, புளூபெல் மாதிரிப் பூக்கும். எனக்கு அந்த உருவம்தான் இன்னும் பிடிக்கிறது, மணமும் குறைவதில்லை.

கூட்டம் அதிகமாகி நாலைந்து வருஷத்தில் பூ குறைந்தால், இலை காய்ந்த பிறகு ஜூன் கடைசியில் தோண்டி, பிரித்து, மறுபடி ஆழமாக நட்டுவிடுங்கள். ஒரு கட்டி மூன்று கட்டியாகும்.

ஊருக்கு எடுத்துப் போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். இந்தியாவுக்குக் கொண்டுபோகத் தாவர இறக்குமதி அனுமதியும் நலச் சான்றிதழும் வேண்டும். அதைவிடப் பெரிய தடை, டியூலிப்புக்கும் ஹயசிந்த்துக்கும் மண்ணுக்குள் மூன்று மாதத்துக்கு மேல் குளிர் வேண்டும். அந்தக் குளிர் கிடைக்காவிட்டால் பூந்தண்டு மேலே எழாது. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ அது கிடைக்காது.

இந்த வருஷம் மார்ச் கடைசியில் கடைக்குப் போனால் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய தொட்டியைத் தேடுங்கள். டெட்-அ-டெட் இரண்டு கிடைத்தாலே தொடக்கத்துக்குப் போதும். கத்தரிக்கோலை மட்டும் ஜூன் வரை வெளியே எடுக்காதீர்கள்.